வாத்தியார் படங்கள்: கைதட்டலுக்கு அப்புறம் வகுப்பறையில் என்ன மிஞ்சுகிறது?

#1 சாக்பீஸ்தூசி (அரசுத் தொடக்கப் பள்ளி, தருமபுரி மாவட்டம்)

ஆசிரியர் தினம் நெருங்கினால் எங்கள் வாட்ஸப் குழுவில் ‘சாட்டை’ தயாளன் சாரும் ‘ராட்சசி’ கீதா ராணியும் ஸ்டேட்டஸாக வந்து வரிசை கட்டுவார்கள். எனக்கும் பிடித்த படங்கள்தான், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நம்மில் யாராவது மறுநாள் வகுப்பில் எதையாவது மாற்றியிருக்கிறோமா? கண் கலங்கியதும் விசில் அடித்ததும் கணக்கில் வராது. ஒரு பாடத்தை வேறு மாதிரி எடுத்தது, ஒரு பிள்ளையை இடம் மாற்றி உட்கார வைத்தது, இந்த மாதிரி ஏதாவது.

எனக்குத் தெரிந்து கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு மாற்றத்தைச் செய்த படம் ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’. 2024 நவம்பரில் வந்த மலையாளப் படம், வினேஷ் விஸ்வநாத் இயக்கியது. ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் ஸ்ரீகுட்டன், நன்றாகப் படிக்கும் அம்பாடியை எதிர்த்துப் பள்ளித் தேர்தலில் நிற்கிறான். கதை அவ்வளவுதான். முடிவில் பெஞ்சுகளைச் சுவரோரமாக ஒரே வரிசையில் போட்டுவிடுகிறார்கள், கடைசி பெஞ்சு என்பதே இல்லாமல் போகிறது. 2025 ஜூனில் ஓடிடிக்கு வந்ததும் கேரளத்தில் பல பள்ளிகள் இதைச் செய்து பார்த்தன. பஞ்சாபில் ஒரு பள்ளி வரை போனது. ஜூலையில் நம் கல்வித் துறையும் ‘ப’ வடிவ இருக்கை என்று சுற்றறிக்கை விட்டது. அப்புறம் அதற்கு எதிர்ப்பு கிளம்பி நடந்த களேபரம் உங்களுக்கே தெரியும்.

இதில் நான் யோசிப்பது ஒன்றுதான். இந்தப் படத்தில் வாத்தியார் ஹீரோவே இல்லை. அஜு வர்கீஸ் செய்திருக்கும் வாத்தியார் பின்பெஞ்சுப் பையன்களைக் கண்டாலே எரிந்து விழுகிற ஆள். நம்மைத் தெய்வமாகக் காட்டிய படங்கள் எல்லாம் நமக்கு ஸ்டேட்டஸ் தந்தன. நம்மைக் கொஞ்சம் மோசமாகக் காட்டி, பையன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து வகுப்பைப் பார்த்த படம் பெஞ்சை நகர்த்த வைத்தது. இது தற்செயலா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

#2 பாலக்காட்டான்

டீச்சர், நல்ல இழை. நான் பாலக்காட்டில் சிற்றூர் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் வழிப் பிரிவில் எடுக்கிறேன். கேரளக் கதையில் ஒரு விவரத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் செய்து பார்த்தது கொல்லம் மாவட்டம் வாளகத்தில் இருக்கும் ராமவிலாசம் பள்ளி. அப்போது அமைச்சராக இருந்த நடிகர் கணேஷ் குமாரின் குடும்பம் நடத்தும் பள்ளி அது. படம் வெளியாவதற்கு முன்பே அவர் பார்த்திருக்கிறார். உடனே உத்தரவு போடவில்லை. ஆசிரியர்களிடம் பேசி, கீழ் வகுப்புகளில் ஒரே ஒரு வகுப்பில் ஆரம்பித்து, அது சரியாக வந்த பிறகுதான் மற்றவற்றுக்குக் கொண்டுபோனார்கள்.

இன்னொன்று. இது தாங்கள் கண்டுபிடித்தது இல்லை, டிபிஇபி காலத்து வகுப்பறைகளில் இருந்த முறைதான், நடுவில் காணாமல் போய்விட்டது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். டிபிஇபி என்றால் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம், 90களின் நடுவில் வந்தது. அதாவது சினிமாவிலிருந்து வகுப்பறைக்கு வந்தது என்கிறோமே, அது முதலில் வகுப்பறையிலிருந்து சினிமாவுக்குப் போன சரக்கு.

எங்கள் பள்ளியிலும் மாற்றினோம். சின்ன வகுப்புகளில் இருபது பிள்ளைகளுக்குள்தான், அதனால் சிரமம் தெரியவில்லை.

---

#3 மூணாவது பெஞ்ச் அப்பா

நான் ஆசிரியர் இல்லை, இரண்டு பிள்ளைகளின் அப்பா. எல்லோரும் உருகுவதற்கு முன் ஒரு கேள்வி. ‘ப’வின் இரண்டு கைகளில் உட்காருகிற பிள்ளைகள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பித்தானே கரும்பலகையைப் பார்க்க வேண்டும்? ஓரத்தில் இருப்பவனுக்குப் பலகையில் வெளிச்சம் பட்டு எழுத்தே தெரியாது. சுற்றறிக்கை வந்தபோது மருத்துவர்கள் பக்கமிருந்தும் இதே ஆட்சேபம் வந்ததே. ஒரு படத்தின் கிளைமாக்ஸ் அழகாக இருக்கிறது என்பதற்காக என் மகள் கழுத்து வலியோடு வர வேண்டுமா?

---

#4 ஓய்வுபெற்ற மணி (முன்னாள் தலைமையாசிரியர்)

மூணாவது பெஞ்ச் தம்பி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதற்குப் பதில் நம் ஊரிலேயே இருந்தது. இளைய ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் ஆரம்பித்தார்கள். எம்.பி. விஜயகுமார் ஐஏஎஸ் முன்னின்று செய்தது. மூல யோசனை ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளியின் முறை. 2007 வாக்கில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. அந்த வகுப்பறையை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள். பெஞ்சே கிடையாது, பாய்தான். சுவரின் கீழ்ப்பகுதியில், உட்கார்ந்த பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், வரிசையாகச் சின்னச் சின்னக் கரும்பலகைகள், ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். சுவரில் கற்றல் ஏணி. ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அதே சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து பிள்ளை தானே எடுத்து வரும். அட்டையைப் பொறுத்து ஆசிரியரோடு உட்காருவதா, கூடப் படிக்கிற பிள்ளைகளோடு உட்காருவதா, தனியாகவா என்று குழு மாறும்.

அங்கே கழுத்து வலி ஏன் வரவில்லை? யாரும் பெரிய கரும்பலகையை நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நாற்காலியை எங்கே போடுவது என்பது பாடம் எடுக்கும் முறையோடு சேர்ந்த விஷயம். ஆசிரியர் நின்றுகொண்டு பலகையில் எழுதிப் போட, பிள்ளைகள் பார்த்து எழுதுவதுதான் முறை என்றால் வரிசைதான் சரி, ‘ப’ தொல்லைதான். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசி, செய்து பார்த்துப் படிப்பது முறை என்றால் வரிசை தொல்லை. படத்தில் பெஞ்சை நகர்த்துவது தெரிகிறது. நகர்த்திய பிறகு பாடம் எப்படி நடந்தது என்பதைப் படம் காட்டவில்லை, காட்ட வேண்டிய வேலையும் அதற்கு இல்லை.

அப்புறம் சாக்பீஸ் டீச்சர், உங்கள் தருமபுரியே டிபிஇபி முதல் கட்டத்தில் இருந்த மாவட்டம்தான். பள்ளியின் பழைய அலமாரியைக் குடைந்தால் அந்தக் காலத்துப் பயிற்சிக் கையேடு ஏதாவது கிடைக்கலாம்.

---

#5 சாக்பீஸ்தூசி

மணி சார், கற்றல் அட்டை காலத்தில் நான் மாணவி! மயில் படம் போட்ட அட்டை ஞாபகம் இருக்கிறது, அதில் என்ன பாடம் என்பது மட்டும் மறந்துவிட்டது. ஆனால் கேட்கிறேன், அவ்வளவு நல்ல முறை என்றால் அது ஏன் நிலைக்கவில்லை?

---

#6 ஓய்வுபெற்ற மணி

அதற்குத் தனி இழை வேண்டும் அம்மா. சுருக்கமாக என் கருத்து: சென்னையில் ஆரம்பித்தபோது ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள், பார்த்தவர்களுக்கு ஆசை வந்தது. எங்களுக்கு வந்தபோது அது உத்தரவாக வந்தது. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வரவில்லை. பார்வையிட வந்தவர்கள் பந்தல் இருக்கிறதா, ஏணி இருக்கிறதா என்று பார்த்தார்கள், பிள்ளை படிக்கிறதா என்று கேட்டவர்கள் குறைவு. இப்போது எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும்போது அதே யோசனையின் சாயல் தெரியத்தான் செய்கிறது.

வாளகத்தில் ஒரு வகுப்பில் ஆரம்பித்தார்கள் என்று பாலக்காட்டுத் தம்பி சொன்னாரே, அந்த ஒரு வரியை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். படம் ஒரு ஆசிரியரைத் தூண்டினால் அவர் செய்து பார்ப்பார், சரிவராவிட்டால் திருத்திக்கொள்வார். படம் ஒரு துறையைத் தூண்டினால் சுற்றறிக்கைதான் வரும்.

---

#7 கட்டவுட் கண்ணன்

எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறீர்கள், நான் கெடுக்கிறேன் 😀

வாத்தியார் படங்களால் ஆசிரியர்களுக்கு நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம் என்பது என் கட்சி. வார்ப்பு எப்போதும் ஒன்றுதான். புது ஆள் வருவார். ஏற்கெனவே இருக்கிற ஆசிரியர்கள் எல்லாம் சோம்பேறி, வட்டிக்கு விடுகிறவன், வகுப்பில் தூங்குகிறவன். புது ஆள் ஒருவரே அடித்து நொறுக்கி ரிசல்ட் காட்டுவார். இடைவேளைக்கு அப்புறம் ஒரு அரசியல்வாதி அல்லது தனியார் பள்ளி முதலாளி. கடைசியில் பள்ளியே அழும்.

‘சாட்டை’யில் தம்பி ராமையா செய்த உதவித் தலைமையாசிரியரைப் பார்த்துத் தியேட்டரே சிரித்தது. அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “இங்கேயும் அந்த மாதிரி ஆளுங்கதானே இருக்கீங்க” என்றார். நான் இங்கே ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றும் எடுக்கிறேன், ஆதார் பதிவும் நான்தான், இலவசக் காலணி அளவெடுப்பதும் நான்தான். என்னைப் பற்றி யார் படம் எடுப்பார்கள்? பள்ளி விவரங்களை ஏற்றும் இமிஸ் வலைத்தளம் திறக்கவில்லை என்பதை வைத்து இரண்டரை மணி நேரம் ஓட்ட முடியாது.

---

#8 கணக்குப்புலி

கட்டவுட் சொன்ன ‘ஒரே ஆள்’ பிரச்சினைக்கு உலகத்திலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 1988இல் வந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’. கணக்கு ஆசிரியர்களுக்கு அது குலதெய்வப் படம்.

லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகள். ஹைமே எஸ்கலாண்டே என்ற பொலிவியாக்காரர் அங்கே கணக்கு எடுக்க வருகிறார். படத்தில் சாதாரணக் கூட்டல் கழித்தலில் தடுமாறும் பிள்ளைகள், இரண்டு வருடத்தில் நுண்கணிதத்தில் கல்லூரித் தரத் தேர்வை எழுதிப் பாஸ் ஆகிறார்கள். காப்பி அடித்துவிட்டார்கள் என்று தேர்வை நடத்திய நிறுவனம் சந்தேகப்படுகிறது. மறுபடி எழுதி மறுபடியும் பாஸ். கேட்கும்போதே புல்லரிக்கும்.

சந்தேகப்பட்டதும் மறுதேர்வும் நிஜம். 1982இல் 18 பேர் எழுதி 18 பேரும் தேறினார்கள், 14 பேர் மீது சந்தேகம் வந்தது, 12 பேர் மறுபடி எழுதினார்கள், அத்தனை பேரும் தேறினார்கள். ஆனால் ‘இரண்டு வருடம்’ நிஜம் இல்லை. எஸ்கலாண்டே அங்கே சேர்ந்தது 1974இல். நுண்கணித வகுப்பை ஆரம்பிக்கவே நாலு வருடம் ஆனது. 1979இல் முதல் தடவை தேறியவர்கள் இரண்டே பேர். அந்த 18 என்ற எண்ணிக்கைக்கு வரவே எட்டு வருடம்.

அதுவும் தனி ஆளாக இல்லை. ஹென்றி கிராடில்லாஸ் என்ற தலைமையாசிரியர் கூட நின்றார். அடிப்படைக் கணக்கிலேயே பிள்ளைகளைத் தேக்கி வைக்காமல் மேலே தள்ளினார், வகுப்பு நேரத்தையும் இடத்தையும் ஒதுக்கிக் கொடுத்தார். பென் ஹிமெனஸ் என்ற இன்னொரு கணக்கு ஆசிரியர் இணையாக வகுப்பு எடுத்தார். கீழ் வகுப்புகளிலிருந்தே இயற்கணிதம், வடிவியல் என்று படிப்படியாகத் தயார் செய்து அனுப்ப ஒரு வரிசையே உருவானது. கோடை விடுமுறையிலும் வகுப்பு நடந்தது. 1987இல் தேறியவர்கள் 80ஐத் தாண்டினார்கள். அதே வருடம் தலைமையாசிரியர் மாறினார், படம் வந்ததற்கு அப்புறம் பார்வையாளர் கூட்டமும் உள்ளூர்ப் பொறாமையும் சேர்ந்துகொண்டன, 1991இல் எஸ்கலாண்டே கிளம்பிவிட்டார். சில வருடங்களில் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

படம் வெட்டி எறிந்த பகுதிதான் உண்மையில் வேலை செய்த பகுதி. இதைப் பார்த்துத் தூண்டப்படும் இளம் ஆசிரியர் என்ன செய்வார்? ஜூனில் பத்தாம் வகுப்பை எடுத்துக்கொண்டு மார்ச்சில் அற்புதம் நிகழும் என்று உயிரைக் கொடுப்பார். நிகழாது. ஆறாம் வகுப்பு எடுக்கும் சக ஆசிரியரோடு உட்கார்ந்து, பின்னத்தில் பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள் என்று பேசுவதற்கு எந்தப் படமும் தூண்டுவதில்லை. அதற்கு யாரும் பின்னணி இசை போடமாட்டார்கள்.

---

#9 கட்டவுட் கண்ணன்

> படம் வெட்டி எறிந்த பகுதிதான் உண்மையில் வேலை செய்த பகுதி

இதை ஃபிரேம் போட்டு மாட்டுகிறேன் சார். உடனே எங்கள் தலைமையாசிரியருக்கு அனுப்பியாகிவிட்டது. நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

---

#10 எழுத்தாணி (சிறப்பாசிரியர்)

டீச்சர் கேட்ட கேள்விக்கு நேரடியாக ஒரு ‘ஆமாம்’ சொல்ல வந்தேன். ‘தாரே ஜமீன் பர்’, 2007இல் வந்த இந்திப் படம்.

என் வேலை கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளோடு. அந்தப் படத்துக்கு முன் ஒரு பள்ளியில் போய் டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) என்று சொன்னால் ஏதோ வியாதி பெயரைச் சொன்ன மாதிரிப் பார்ப்பார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 90களின் தொடக்கத்திலிருந்தே வேலை செய்துவந்தது என்றாலும், சாதாரண வகுப்பாசிரியருக்கு அது எட்டவில்லை. படத்துக்கு அப்புறம், “சார், அந்தப் படத்துல வர்ற பையன் மாதிரி ஒருத்தன் என் கிளாஸ்ல இருக்கான்” என்று ஆசிரியர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். நாங்கள் பிள்ளைகளைத் தேடிப்போன நிலைமை மாறி, ஆசிரியர்கள் எங்களைத் தேடினார்கள்.

அதில் ஒரு காட்சி. படத்தில் வரும் பையன் இஷானுக்குத் தேர்வில் மூன்றை ஒன்பதால் பெருக்கு என்று கேள்வி. அவன் மனதுக்குள் சூரியக் குடும்பம் விரிகிறது. பூமி மூன்றாவது கோள், புளூட்டோ ஒன்பதாவது. அவன் பூமியைப் பிடித்து இழுத்துப்போய்ப் புளூட்டோ மேல் மோதுகிறான், புளூட்டோ சிதறுகிறது, பூமி நிற்கிறது. விடை: 3. எழுதிவிட்டுச் சந்தோஷமாக வெளியே போகிறான். விடைத்தாளைத் திருத்துகிற நமக்கு அங்கே தெரிவது ஒரு தப்பான 3 மட்டும்தான். அந்தக் காட்சியைப் பயிற்சி வகுப்புகளில் போட்டுக் காட்டியிருக்கிறேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர், ‘இந்தப் பையன் இந்த விடையை ஏன் எழுதினான் என்று கேட்டுப் பார்ப்போம்’ என்று தன் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து வைப்பார். எனக்கு அது போதும்.

குறையும் உண்டு. வாத்தியாராக ஆமிர் கான் வந்து மணலில் எழுத வைத்து, களிமண்ணில் எழுத்து செய்ய வைத்து, படிக்கட்டில் ஏறி இறங்கிக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் சரியான முறைகள். ஆனால் ஒரே பாட்டில் பையன் வாசிக்க ஆரம்பித்துவிடுகிறான். நிஜத்தில் ‘ப’வுக்கும் ‘ய’வுக்கும் குழம்பாமல் இருக்கவே மாதக்கணக்கில் ஆகும். படத்தைப் பார்த்துவிட்டு வந்த பெற்றோர் மூன்றாம் வாரமே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். இன்னொன்று, இஷானுக்கு ஓவியம் வந்தது. ஓவியமும் வராத, பாட்டும் வராத, சும்மா வாசிக்கச் சிரமப்படுகிற பையன்தான் என்னிடம் அதிகம் வருகிறான். ‘இவனுக்கு என்ன திறமை ஒளிந்திருக்கிறது சார்?’ என்று கேட்பார்கள். ஒளிந்த திறமை எதுவும் இல்லாவிட்டாலும் அவனுக்கு வாசிக்கச் சொல்லித்தர வேண்டும்தானே.

சட்டம் அதன் பாட்டுக்கு நிதானமாகத்தான் வந்தது. 1995 சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான், 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

---

#11 கிள்ளான் டீச்சர் (மலேசியா)

வணக்கம். இங்கே ஐந்நூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகள் உண்டு, அதில் ஒன்றில் வேலை செய்கிறேன். கண்ணன் ஐயாவின் கட்சிக்கு எதிராக ஒரு சாட்சி.

2019இல் ‘ராட்சசி’ வந்தபோது அப்போதைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் தம் அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு முகநூலில் பாராட்டி எழுதினார். மலாய்க்கார அமைச்சர் தமிழ்ப் படம் பார்த்துப் பள்ளிச் சீர்திருத்தம் பேசுகிறார் என்று எங்கள் ஆசிரியர் அறையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. பள்ளி எப்படி மாறியது என்றெல்லாம் கேட்காதீர்கள். ஆனால் மறுநாள் எங்கள் பள்ளியின் மலாய் மொழி ஆசிரியை என்னிடம் அந்தப் படம் எங்கே ஓடுகிறது என்று விசாரித்தார். ஒரே பள்ளியில் இருந்தும் அதுவரை எங்களுக்குள் “தே தாரிக் குடிக்கலாமா” என்பதைத் தாண்டிப் பேச்சு இருந்ததில்லை. படம் பார்த்து வந்தபிறகு, தாமதமாக வரும் பிள்ளைகளை வாசலில் நிறுத்துவது சரியா என்று நாங்கள் இருவரும் ஒரு பொழுது முழுக்க வாதாடினோம்.

கீதா ராணியை நான் பின்பற்ற முடியாது. அவர் முன்னாள் ராணுவ அதிகாரி, என்னால் ரௌடியை அடிக்க முடியாது. ஆனால் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேச ஒரு சாக்கு வேண்டும் அல்லவா? பயிற்சிப் பட்டறையில் வாயைத் திறக்காதவர்கள்கூட ஒரு சினிமாவைப் பற்றி என்றால் பேசுவார்கள். இந்த இழையையே பாருங்களேன்.

---

#12 பிஎட் ரெண்டாம் வருஷம்

அக்கா, அண்ணன்மாரே, நான் இன்னும் வேலைக்கே வரவில்லை. இந்தப் படிப்பில் சேர்ந்ததற்கு ‘வாகை சூட வா’ ஒரு காரணம் என்று நேர்முகத்தில் சொன்னேன், பேராசிரியர் சிரித்துவிட்டார். செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வருகிற விமலுக்கு முதலில் அதில் துளிகூட ஆர்வம் இருக்காது. அரசாங்க வேலைக்கு ஒரு சான்றிதழ் கிடைக்குமே என்றுதான் வருவார். பிள்ளைகளும் அவரைச் சட்டை செய்ய மாட்டார்கள். அந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. போனதும் எல்லோரும் காலில் விழுகிற மாதிரி இல்லை.

கற்பித்தல் பயிற்சிக்குப் போன முதல் நாள் எட்டாம் வகுப்பில் ஒருவன்கூட என் பக்கம் திரும்பவில்லை. விமலுக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். தூண்டுதல் என்பதைவிட ஒரு தைரியம் என்று சொல்லலாம்.

கேள்வி ஒன்று: பூட்டான் படம் ‘லுனானா’ பார்த்தவர்கள் உண்டா?

---

#13 பாலக்காட்டான்

உண்டு தம்பி. 2019 படம், ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பாட்டுப் பாட ஆசைப்படுகிற இளைஞனை மலை உச்சிக் கிராமப் பள்ளிக்குத் தூக்கிப் போடுகிறார்கள். குளிருக்காகத் தன் ஜன்னலில் ஒட்டியிருக்கும் காகிதத்தையே கிழித்து, எழுதத் தாள் இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுப்பான். வசனம் எதுவும் பெரிதாக இருக்காது. அப்புறம் முக்கியமாக, கடைசியில் அவன் அங்கேயே தங்கிவிட மாட்டான், ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுவான். வாத்தியார் படங்களில் இந்த நேர்மை ரொம்ப அபூர்வம்.

---

#14 மூணாவது பெஞ்ச் அப்பா

மணி ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. கழுத்துப் பிரச்சினை பாடம் எடுக்கும் முறையைப் பொறுத்தது என்பது புரிகிறது. ஆனால் என் மகளின் பள்ளியில் எடுப்பது பலகையைப் பார்த்து எழுதும் முறைதான். பெஞ்சை மட்டும் மாற்றிவிட்டு முறையை மாற்றாவிட்டால்? ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால்? கல்வி உரிமைச் சட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று எழுதியிருக்கிறது. அதை முதலில் செய்யட்டும்.

---

#15 கணக்குப்புலி

நாற்பது பேரை ‘ப’வில் உட்கார வைத்தால் பின்னால் இன்னொரு ‘ப’ போட வேண்டிவரும். அப்போது பின்வரிசைக்காரன் மறுபடி பின்பெஞ்சுதான், வளைந்த பின்பெஞ்சு.

வேண்டுமானால் ஒரு வழி. இடத்தைச் சுழற்றுங்கள். வாரம் ஒருமுறை எல்லோரும் ஒரு இடம் நகர வேண்டும். பழைய வரிசையிலேயே இதைச் செய்யலாம், பத்துப் பைசா செலவில்லை, கழுத்து ஒரே பக்கம் திரும்பவும் செய்யாது. பலகை தெரியாத பிள்ளைக்கும் கண் பரிசோதனை செய்ய வேண்டிய பிள்ளைக்கும் மட்டும் விலக்கு. நான் ஒன்பதாம் வகுப்பில் இப்படித்தான் செய்கிறேன். முதல் மாதம் முணுமுணுப்பார்கள்.

---

#16 எழுத்தாணி

சுழற்சிக்கு என் ஓட்டும். ஒரே ஒரு வேண்டுகோள், சில பிள்ளைகள் ஓரத்தில் இருந்தால்தான் நிம்மதியாக இருப்பார்கள், சத்தமும் தொடுகையும் அவர்களுக்கு ஆகாது. கடைசி பெஞ்சு எல்லோருக்கும் அவமானம் இல்லை. அந்தப் பிள்ளையைக் கேட்டுவிட்டு நகர்த்துங்கள்.

---

#17 சாக்பீஸ்தூசி

எல்லோருக்கும் நன்றி. ஆரம்பத்தில் நான் கேட்டதற்கு எழுத்தாணி சாரும் கிள்ளான் டீச்சரும் நல்ல பதில் தந்துவிட்டார்கள். ஆனாலும் என் கட்சியை விடுவதாக இல்லை. எழுத்தாணி சார் சொன்ன மூன்று, ஒன்பது காட்சியில்கூட வாத்தியார் இல்லை பாருங்கள். பையனின் தலைக்குள் நடப்பது மட்டும்தான். அங்கே வாத்தியார் வந்து விளக்கம் சொல்லியிருந்தால் நாம் வாத்தியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

சரி, செய்தி. என் நாலாம் வகுப்பில் 26 பேர், அறை இருபதுக்கு இருபது அடி. தலைமையாசிரியரிடம் கேட்டேன், ஒரு வகுப்பு மட்டும் என்றால் சரி என்றார். தமிழுக்கும் சமூக அறிவியலுக்கும் சுவரோரம், கணக்குக்குப் பழைய வரிசை. கணக்குப்புலி சார் சொன்ன சுழற்சி இரண்டுக்கும் உண்டு. பிரச்சினை என்னவென்றால் எங்கள் பெஞ்சு இரும்புக் காலோடு டெஸ்க்கும் சேர்ந்தே இருக்கும் வகை. நாலாம் வகுப்புப் பிள்ளைகளால் அசைக்க முடியாது, நானும் தனியாகத் தூக்க முடியாது. ஒரு நாளில் இரண்டு தடவை எப்படி மாற்றுவது? யாராவது செய்திருந்தால் வழி சொல்லுங்கள்.

---

#18 பாலக்காட்டான்

பாட வேளைக்குப் பாட வேளை மாற்றாதீர்கள் டீச்சர், முதல் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். கால அட்டவணையைத் திருத்துங்கள். கணக்கு, ஆங்கிலம் காலையில், தமிழ், சமூக அறிவியல் மதியம். சாப்பாட்டு மணி அடித்ததும் ஐந்தாம் வகுப்புப் பெரிய பிள்ளைகளை வைத்து ஒரே தடவை மாற்றுங்கள், சாயங்காலம் பழையபடி.

---

#19 ஓய்வுபெற்ற மணி

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பெஞ்சு தூக்குகிற யோசனை வேண்டாம். யாராவது போட்டோ எடுத்துக் குழுவில் போட்டால் மறுநாள் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். மதியத்துக்குப் பாய் போடுங்கள், டெஸ்க்குகளைப் பின்சுவரோடு நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு முன்பாதித் தரையைக் காலியாக வையுங்கள். இருபதுக்கு இருபதில் 26 பேர் தாராளமாக உட்காரலாம். ஜன்னல் எந்தப் பக்கம், பலகை எந்தச் சுவரில் என்று ஒரு படம் வரைந்து போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

---

#20 கட்டவுட் கண்ணன்

பாய்க்கு நிதி எந்தத் தலைப்பில் கேட்பது என்பதையும் சொல்லிவிடுங்கள் சார்.